சுமைதாங்கியும் சீட் பெல்ட்டும்

ஆடிச் சாரல் ஆரம்பித்ததும் சுந்தரபாண்டியபுரத்துச் சாலையோரம் கார்கள் வரிசைகட்ட ஆரம்பிக்கும். கேரள நம்பர் பிளேட்டுகள் நிறையத் தெரியும். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர்தான். மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் (1992) கதாநாயகியின் ஊராக, சொந்தப் பெயரோடேயே திரையில் வந்தது. ஷங்கரின் ‘அந்நியன்’ (2005) படப்பிடிப்புக்காக நடிகர்களின் முகங்களை வரைந்த பாறைக்கு ‘அந்நியன் பாறை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது ஆட்கள் அதிகம் வருவது சூரியகாந்திக்காக. காரிலிருந்து இறங்குவார்கள், வயலுக்குள் நாலு எட்டு வைப்பார்கள், படம் எடுப்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டு குற்றாலம் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு அது மஞ்சள் கடல். வயல்காரருக்கு எண்ணெய் வித்து. மிதிபட்ட செடி மிதிபட்டதுதான் என்பதால், பூக்கிற நாட்களில் அவர் வரப்பில் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

வருகிறவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பூவைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? என்னை யோசிக்க வைப்பது வேறு விஷயம். கொல்லத்திலிருந்து தென்காசி சுமார் நூறு கிலோமீட்டர். காளை வண்டி ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போனாலே நல்ல ஓட்டம். ஆக ஆரியங்காவு கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர மூன்று நாலு நாள். அந்த மூன்று நாலு நாளும் வண்டிக்காரர் எங்கேயாவது சோறு பொங்கியாக வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாக வேண்டும், யாருடைய திண்ணையிலாவது படுத்தாக வேண்டும். வழிநெடுக இருக்கிற ஊர்களோடு பேசாமல் அந்தப் பயணத்தை முடிக்க முடியாது. இன்று காலையில் கொல்லத்தில் புட்டு சாப்பிட்டவர் மதியத்துக்குள் சுந்தரபாண்டியபுரத்து வரப்பில் நிற்கிறார். நடுவில் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டியதில்லை.

பயண வரலாறு என்றாலே வேகத்தின் கதையாகத்தான் எழுதுகிறார்கள். காளை வண்டி, ரயில், பஸ், கார், விமானம் என்று ஏறிக்கொண்டே போகிற ஒரு கோடு. நான் இங்கே கேட்க நினைக்கிற கேள்வி கொஞ்சம் வேறு. பயணத்தின் ‘வசதி’ என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே இருந்தது? எனக்குத் தெரிந்த அளவில் அது முன்பு வழியில் இருந்தது. இன்று வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டது. இந்த இடமாற்றத்தில் லாபம் பார்த்தவர்கள் நிறைய. நஷ்டப்பட்டவர்களும் உண்டு. இரண்டையும் பார்க்கத் தென்காசிச் சீமை ஒரு நல்ல இடம்.

*

தெற்கத்திச் சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல். அவ்வளவுதான். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தூக்கும்போதும் குனிய வேண்டாம். பிள்ளை பெறும் முன்பே இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டுவைப்பது பல ஊர்களில் வழக்கம். அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கட்டும் என்று.

மதுரை நாயக்கர் ஆட்சியில் 1689 முதல் அரசப் பிரதிநிதியாக இருந்த ராணி மங்கம்மாள் சாலைகளுக்காகவும் சத்திரங்களுக்காகவும் இன்றும் நினைக்கப்படுகிறார். தெற்கே பல ஊர்களில் ‘மங்கம்மா சாலை’ என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கு. அந்தச் சாலையைப் பற்றி ஜனங்கள் சொல்லும்போது முதலில் சொல்வது அதன் இரண்டு பக்கமும் இருந்த மரங்களைத்தான். அகலத்தைச் சொல்ல மாட்டார்கள். வெயிலில் நடக்கிறவனுக்குச் சாலையின் தரம் என்பது நிழல்தானே. நிழல், கிணறு, தண்ணீர்ப் பந்தல், சாவடி, சத்திரம், சுமைதாங்கி என்று எல்லாமே வழியில் இருந்தன. யாருடைய வண்டியோடும் கூடவே போய்விடவில்லை. ஒருத்தர் வைத்த மரத்தின் நிழல் முகம் தெரியாத இன்னொருத்தருக்கு.

இப்படிச் சொல்லி நிறுத்திவிட்டால் அது ஏமாற்று. முகம் தெரியாவிட்டாலும் சாதி தெரிய வேண்டும் என்பதுதான் அந்த வழியின் விதி. சத்திரங்கள் எல்லோருக்கும் கதவு திறந்ததில்லை. எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அக்ரகாரத் தெரு வழியாகப் போனால் பத்து நிமிஷம், சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் என்றால், ஒரு பகுதி மக்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உண்மையான தூரம். பழைய வழியின் வசதிகளை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்தத் தூரத்தையும் சேர்த்து அளக்கணும்.

*

1903-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் வந்தது. 1904-ல் மலையைக் குடைந்து, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் கட்டி, கொல்லத்தோடு இணைத்துவிட்டார்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. மூன்று நாள் வழி ஒரே பகலுக்குள் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பயணம் செய்கிற உரிமை பிறப்பிலிருந்து கழன்று டிக்கெட்டில் ஒட்டிக்கொண்டது.

சுலபமாக ஒட்டிக்கொள்ளவில்லை. அதற்கு பஸ்ஸின் கதையைப் பார்க்கணும். திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். அன்றைய சாலைகள் மாட்டுக்குச் சொந்தம். மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். ரப்பர் டயருக்கு அதுதான் எமன். அதனால் காந்தம் பொருத்திய ஒரு வண்டியை முன்னால் விட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று டி.வி.எஸ். கதைகளில் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டுகிற கருவியையும் அதே நிறுவனம் செய்தது. பஸ்ஸின் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

ஆணியைப் பொறுக்கக் காந்தம் இருந்தது. சாதியைப் பொறுக்க? ஆரம்பகாலத் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டார்கள். 1920களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன், அப்படி ஏற்ற மறுக்கிற பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். சென்னை தி.நகரில் பாண்டி பஜாரில் சட்டை எடுக்கப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பாண்டி இவர்தான் என்று தெரியும்? ஒரு சீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற சாதாரணக் காரியத்துக்குப் பின்னால் அரசாங்கத்தின் மிரட்டல் தேவைப்பட்டிருக்கிறது. பஸ்ஸின் முதல் வசதி வேகம் என்று நினைக்கிறோம். எனக்கு அந்தப் பக்கத்து சீட்தான் பெரிய வசதியாகப் படுகிறது.

அந்தச் சண்டை முடிந்துவிடவும் இல்லை. 1970களில் தமிழ்நாட்டு அரசு பஸ்களைத் தன் கையில் எடுத்து, மண்டலத்துக்கு ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்தது. சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்று பெயர்கள் வந்தன. எங்க பக்கம் கட்டபொம்மன் பஸ். 1997-ல் விருதுநகரை மையமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கியபோது, தலித் தலைவர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயரையும், தலைவர்களின் பெயர் தாங்கிய மாவட்டங்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் திரும்பவும் திருநெல்வேலி மாவட்டம் ஆனது. இன்று அரசு பஸ்ஸின் பக்கவாட்டில் எந்தத் தலைவரின் பெயரும் இல்லாததைப் பார்க்கும்போது, அந்த வெறுமைக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) ஏன் ஒரு பஸ் நிற்காத ஊரைச் சுற்றி நடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், இந்த 1997-ஐச் சொல்லலாம்.

*

கார் இந்தத் தகராறு எதற்குள்ளும் சிக்காமல் வந்தது. காரில் பக்கத்து சீட்டில் யார் உட்கார வேண்டும் என்று நாமே முடிவு செய்கிறோம்.

1901-ல் சென்னையில் எம்.சி.1 என்ற எண்ணோடு ஓடிய கார், பின்னாளில் சென்னைத் துறைமுகத்தை வளர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது என்று சொல்வார்கள். அதற்கப்புறம் ரொம்ப காலம் கார் என்றால் கலெக்டர், ஜமீன்தார், மில் முதலாளி, டாக்டர். சுதந்திரத்துக்குப் பிறகு அம்பாசடர் வந்தது. 1957-லிருந்து 2014 வரை பெரிய மாற்றம் இல்லாமல் உற்பத்தியான வண்டி. பணம் இருந்தால் மட்டும் போதாது, பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்க பக்கத்துக் கிராமங்களில் அம்பாசடர் பெரும்பாலும் வாடகைக் காராகத்தான் நுழைந்தது. கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சீசனுக்கு. அதில் ஐந்து பேர் போகலாம் என்பது கம்பெனி கணக்கு. ஊர்க் கணக்கில் பத்து பேர், மடியில் இரண்டு குழந்தைகள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சம்பளக்காரர் வாங்கக்கூடிய கார் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள், வங்கிக் கடன், மாதத் தவணை. அதன் பலனைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நடுராத்திரியில் நெஞ்சு வலிக்கிற அப்பாவைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோக, பஸ் ஸ்டாண்டில் விடியும் வரை காத்திருந்தவர்களுக்கு அந்தச் சின்ன வெள்ளை டப்பா என்ன தந்தது என்று தெரியும். பெண்கள் தனியாக ஓட்டிக்கொண்டு போக முடிந்தது. ஊரில் எந்தத் தெரு வழியாகப் போகிறாய் என்று கேள்வி கேட்கப்பட்ட சாதியில் பிறந்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டு யாருக்கும் பதில் சொல்லாமல் கடந்துபோக முடிந்தது. (அப்படிப் போனதற்காகவே அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.)

ஆனால் வசதி எல்லாம் உள்ளே போய்விட்டால் வெளியே இருப்பதைப் பற்றி யாருக்கு அக்கறை? ஏ.சி. போட்ட வண்டிக்கு மர நிழல் வேண்டாம். தண்ணீர் பாட்டில் இருந்தால் பந்தல் வேண்டாம். திருநெல்வேலி – தென்காசிச் சாலை நான்குவழியாக அகலமானபோது ஓரத்து மரங்கள் சாய்ந்தன. அந்தச் சாலையில் காரில் போகிறவருக்கு முக்கால் மணி நேரமோ என்னவோ மிச்சம். அதே சாலையில் புளியமரத்தடியில் நுங்கு விற்றவர், பஸ்ஸுக்காக நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை, மாடு ஓட்டிப்போன பாட்டி ஆகியோருக்கு வெயில் கூடியதுதான் மிச்சம். சாலையைக் குறுக்கே கடக்கக்கூட முன்னைவிட இரண்டு மடங்கு தூரம்.

இது கவிதைக்காகச் சொல்கிற துயரம் இல்லை, கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். சுமார் 19 சதவீதம் நடந்துபோனவர்கள். ஆக, பத்துப் பேரில் ஆறு பேருக்கும் மேல், தன்னைச் சுற்றி ஒரு தகரக் கூடுகூட இல்லாதவர்கள். சீட் பெல்ட், ஏர்பேக் என்று காருக்குள் ஒவ்வொரு வருஷமும் பாதுகாப்பு கூடுகிறது. நல்ல விஷயம்தான். அது காப்பாற்றுவது உள்ளே இருப்பவரை. ஏர்பேக் வெளியே விரிவதில்லை.

*

விமானம் இந்த இடமாற்றத்தின் கடைசிப் படி. அதற்கு வழி என்பதே கிடையாது. கிளம்புகிற ஊர் இருக்கிறது, இறங்குகிற ஊர் இருக்கிறது. நடுவில் மேகம்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரம், தூத்துக்குடி, மதுரை எல்லாமே இரண்டு மூன்று மணி நேரக் கார் தூரம். ஆனாலும் இந்தச் சீமையில் விமானத்தின் சத்தம் கேட்காத தெரு குறைவு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகணும், அதுவும் கப்பலில்.

தென்காசிக்கு வடக்கே இருக்கிற கடையநல்லூரில் நெசவு நொடித்த காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், பல முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறின. மற்ற ஊர்த் தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும்தான் போனார்கள். கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். தஞ்சோங் பகார் பகுதியில் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. பிற்பாடு அங்கே உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் இவர்கள்தான். 

நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல். பினாங்கு, கிள்ளான் துறைமுகம் தொட்டு சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். டெக்கில் பாயை விரித்துப் படுத்து, வாந்தி எடுத்து, சிநேகம் பிடித்து, சம்பந்தம் பேசி முடித்து இறங்குவார்கள். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி.சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் போகிற காலம் அதோடு முடிந்தது. அதற்குள் 1981-ல் சாங்கி விமான நிலையம் திறந்தாகிவிட்டது. ஒரு வார வழி நாலு மணி நேரமாகச் சுருங்கியது.

மேற்கே இன்னொரு கதவு. 1935 அக்டோபர் 29 அன்று பம்பாயிலிருந்து டாடாவின் தபால் விமானம் முதல் முறையாகத் திருவனந்தபுரத்தில் இறங்கியது. ஓட்டிவந்தவர் ஜே.ஆர்.டி.டாடாவின் கூட்டாளி நெவில் வின்சென்ட். திருவிதாங்கூர் மகாராஜாவின் பிறந்தநாளுக்கான வாழ்த்துத் தபால் அதில் இருந்தது. ராஜாவின் குடிகளான செங்கோட்டைக்காரர்களில் யாரும் அதில் ஏறுவதைக் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1973-ல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் கட்டடம் கட்ட ஆரம்பித்தபோது, அந்தச் செங்கோட்டையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கொத்தனார்கள், எலக்ட்ரீஷியன்கள், டிரைவர்கள் மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினார்கள். 1991-ல் அது சர்வதேச விமான நிலையம் ஆனது. 2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் சேவையை அங்கிருந்து அபுதாபிக்குத்தான் ஆரம்பித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் மலிவு விலைப் பறப்பைக் காட்டியிருந்தது. ‘சூரரைப் போற்று’ பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும்.

இவர்களுக்கு விமானத்தின் வசதி எது? ஜன்னல் சீட்டா, சாப்பாடா? வளைகுடாவில் இருப்பவர் யாரைக் கேட்டாலும் வேறு ஒன்றைச் சொல்வார். ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று சாயங்காலம் போன் வந்தால், ராத்திரி விமானம் பிடித்து, விடிகாலை திருவனந்தபுரத்தில் இறங்கி, காரைப் பிடித்து ஆரியங்காவு தாண்டி, அடக்கத்துக்கு முன்னால் முகத்தைப் பார்த்துவிடலாம். கப்பல் காலத்தில் தந்தி வந்துசேரும்போதே எல்லாம் முடிந்திருக்கும். போனவர் திரும்பி வரும்போது புதுசாய் ஒரு மீஸான் கல் இருக்கும். நூறு வருஷப் பயண வரலாற்றில் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன். விமானத்தின் புகையைப் பற்றிப் பேசுகிறபோது இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

புகையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் விமானத்தின் பங்கு சுமார் 2.5 சதவீதம். சின்னதாகத் தெரியும். ஆனால் 2018-ல் உலக ஜனத்தொகையில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் விமானம் ஏறினார்கள் என்றும், பயணிகள் விமானப் புகையில் பாதிக்கு அடிக்கடி பறக்கிற ஒரே ஒரு சதவீதம் பேர்தான் காரணம் என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு வந்து போகிற கொத்தனார் அந்த ஒரு சதவீதத்தில் இல்லை. ஓணம், பெருநாள் சமயத்தில் டிக்கெட் விலை ஏறும்போது பயணத்தைத் தள்ளிப்போடுகிறவரும் அவர்தான்.

வழி இல்லாத பயணத்தின் ஆபத்து 2020 மார்ச் கடைசியில் தெரிந்தது. விமானங்கள் நின்றன. புளியரைச் சோதனைச் சாவடியில் கேரள எல்லை மூடியது. கப்பலும் இல்லை, மாற்று வழியும் இல்லை, நடுவில் தங்க ஒரு சாவடியும் இல்லை. மே 7-ல் அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் முதல் மீட்பு விமானங்கள் கேரளத்துக்குக் கிளம்பும் வரை, அங்கே இருந்தவர்களுக்கு ஊர் நாலு மணி நேரத் தூரத்தில் இல்லை. எந்தத் தூரத்திலும் இல்லை. முகம் பார்க்கிற அந்த ஒரு வசதியும் அந்த மாதங்களில் பலருக்குக் கிடைக்காமல் போனது. வாட்ஸ்அப்பில் அடக்கம் பார்த்தவர்களை நம் எல்லோருக்குமே தெரியும்.

*

இதற்கெல்லாம் தீர்வாக மாட்டு வண்டிக்குத் திரும்பச் சொல்கிற ஆள் நான் இல்லை. பழைய வழியின் பூட்டு சாதி. புதிய வண்டியின் பூட்டு பணம். நடுவில் டிக்கெட் என்று ஒன்று வந்து, கொஞ்ச காலம் இரண்டு பூட்டையும் நெகிழ்த்தியது. அந்த இடத்தைப் பத்திரப்படுத்தணும் என்பதுதான் என் கட்சி. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் போகிறார்கள். களையெடுக்கப் போகிறவர் தொடங்கி பீடி இலை வாங்கப் போகிறவர் வரை அந்தப் பஸ்ஸில் ஏறுகிறதைத் தென்காசிப் பக்கம் பார்க்கலாம். கேலி பேசினவர்கள் உண்டு. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட்ட அன்றைக்கும் முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். கொல்லம் – செங்கோட்டை மலை ரயில் அகலப் பாதைக்காக 2010-ல் நின்றுபோய் 2018-ல்தான் முழுசாகத் திரும்பி வந்தது. அந்த எட்டு வருஷத்தில் எத்தனை குடும்பம் பஸ்ஸுக்கும் காருக்கும் மாறியதோ. பொதுவான ஒன்று நிற்கும்போது தனியான ஒன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. திரும்ப இறங்குவது கஷ்டம்.

பிரிட்டனில் 1865-ல் ஒரு சட்டம் இருந்தது. குதிரை இல்லாமல் இயந்திரத்தில் ஓடுகிற வண்டி சாலையில் போனால், அதற்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். இன்று சிரிப்பு வரும். 1896-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். இனி இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னதாகச் சொல்வார்கள்.

2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்த ஒரு லாரி, புளியரைக்குப் பக்கத்தில் ‘எஸ்’ வளைவில் நிலைதவறி, கீழே போகிற ரயில் பாதையில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு அந்தப் பக்கத்தில் குடியிருந்த ஒரு வயதான தம்பதி எழுந்து ஓடிவந்தார்கள். எதிரே ரயில் வருகிற சத்தம். கையில் இருந்த டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டே தண்டவாளத்தில் அதை நோக்கி ஓடினார்கள். டிரைவர் பார்த்துவிட்டார், ரயில் நின்றது. பிறகு முதலமைச்சர் அழைத்துப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்.

அவர்கள் அந்த லாரியிலும் இல்லை, ரயிலிலும் இல்லை. வழியில் இருந்தவர்கள். யார் வருகிறார்கள், எந்த ஊர், என்ன சாதி என்று எதுவும் தெரியாமல் இருட்டில் ஓடியிருக்கிறார்கள். பழைய வழிகூட இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

சாலை போடுகிறவர்கள் வண்டியை அளக்கிறார்கள். எத்தனை வழி, என்ன வேகம், எத்தனை டன் தாங்கும் என்று. சுமைதாங்கிக் கல்லை நட்டவர்களும் அளந்துதான் நட்டிருப்பார்கள். அவர்கள் அளந்தது நடந்து வருகிறவரின் தோளுயரத்தை. அடுத்த தடவை தென்காசிச் சாலை எதையாவது அகலமாக்கும்போது அந்த அளவையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம். நடைபாதை, நிழல் விழுகிற பஸ் நிறுத்தம், குடிதண்ணீர், குறுக்கே கடக்க ஓர் இடம். சூரியகாந்தி பார்க்க வருகிறவர்களுக்கும் கார் நிறுத்த வரப்பைத் தவிர வேறு ஓர் இடம் வேண்டியிருக்கிறது.